தீவும் மலையும்: தனித்திருத்தலும் தன்னாட்சியும்

முன்னுரை

தீவு என்றவுடன் நம் மனக்கண்முன் கடலே விரிகின்றது. ஆயினும் தமிழர் கடல்சூழ்ந்த நிலத்தை மட்டும் தனித்துக் கண்டவர் அல்லர். ஆற்றின் நடுவே நீர் சூழ நிற்கும் நிலத்திற்கும் ஆற்றிடைக்குறை, துருத்தி, அரங்கம் எனப் பல பெயர்களிட்டு வழங்கினர். சென்ற ஆண்டு வகுப்பில் இச்சொற்களை விளக்கிக்கொண்டிருந்தபோது, கல்வராயன் மலையிலிருந்து வந்து பயிலும் மாணவர் ஒருவர் எழுந்தார். "ஐயா, எங்கள் ஊரை நாலு பக்கமும் காடு சூழ்ந்திருக்கிறது. பெருமழை பெய்தால் கீழே வர வழியில்லை. அதையும் தீவு என்று சொல்லலாமா?" என்று வினவினார். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் தந்தையார் கச்சிராயப்பாளையம் பகுதிச் சந்தைகளில் துணி வணிகம் செய்தவர். மலையிலிருந்து தேனும் புளியும் கடுக்காயும் சாமையும் சுமந்து இறங்கி வரும் மக்கள், அவற்றை விற்ற காசில் வேட்டியும் சேலையும் வாங்கிச் செல்வர். அக்காலத்தில் முதியவர் ஒருவர் கடைத்திண்ணையில் அமர்ந்து, "பாய், உங்க சர்க்காரு வேற, எங்க சர்க்காரு வேற" என்று சொன்னாராம். அத்தா இதனை ஒரு வேடிக்கையாகவே எங்களுக்குச் சொல்வார். வரலாற்றைப் படித்த பின்னரே அஃது உண்மையுரை என்பது எனக்கு விளங்கிற்று.

ஒரு நாட்டின் எல்லைக்குள் இருந்துகொண்டே தனித்து நிற்கும் நிலப்பகுதி ஒன்று, அந்நாட்டின் நடுவண் அரசோடு எங்ஙனம் பொருந்தி வாழ்தல் கூடும்? உலகின் தீவுகள் சில இவ்வினாவிற்கு விடை கண்டுள்ளன. அவ்விடைகளைக் கண்டு, அவற்றின் ஒளியில் நம் மலையை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஜாகீர் மலை

கல்வராயன் மலை இன்று கள்ளக்குறிச்சி, சேலம் ஆகிய மாவட்டங்களில் பரந்து கிடக்கின்றது. கோமுகி ஆறு இம்மலையில் பிறந்து, அடிவாரத்திலுள்ள அணையை நிரப்பிச் சமவெளிக்குப் பயன்தருகின்றது. மலையில் வாழ்வோர் பெரும்பாலும் மலையாளி எனப்படும் பழங்குடியினர். பெயரைக் கொண்டு இவர்களைக் கேரளத்தாரென மயங்குதல் கூடாது. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்பதே பொருள். இவர்தம் மொழி தமிழே. தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர் என்பது இவர்களிடையே வழிவழி வழங்கும் செய்தி.

இம்மலை நெடுங்காலம் மூன்று ஜாகீர்களாகப் பிரிந்து கிடந்தது. சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்னும் பரம்பரையினர் ஜாகீர்தார்களாக இருந்து மலையை ஆண்டனர். நிலமும் வரியும் வழக்கும் அவர்கள் கையில் இருந்தன. 1947இல் நாடு விடுதலை பெற்றது. 1950இல் அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சமவெளியில் ஜமீன்கள் ஒழிந்தன. மலையில் ஜாகீர் ஆட்சி மேலும் கால் நூற்றாண்டு நீடித்தது. 1976ஆம் ஆண்டிலேதான் ஜாகீர்கள் அரசின் நேரடி ஆளுகைக்குள் வந்தன. சந்தையில் அம்முதியவர் சொன்னதன் பொருள் இதுவே.

2024 ஜூன் திங்களில் கள்ளக்குறிச்சியில் நஞ்சு கலந்த சாராயம் அருந்தி அறுபதின்மேற்பட்டோர் உயிரிழந்த துயரம் நாடறிந்தது. அதனையடுத்து, கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாண்டு ஜூலையில் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. 1976 வரை ஜாகீர் ஆட்சியில் இம்மலை இருந்ததும், இம்மக்களுக்கு வாக்குரிமை 1996ஆம் ஆண்டையொட்டியே கிட்டியதும் அவ்வழக்கில் எடுத்துரைக்கப்பட்டன. சாலையும் மருத்துவமும் பள்ளியும் இன்றி ஒரு மக்கள் கூட்டம் எங்ஙனம் விடப்பட்டது என்ற வினாவும் எழுந்தது.

ஈண்டு ஓர் உண்மையை மாணவர்கள் மனங்கொள்ளல் வேண்டும். ஜாகீர்க் காலத்தில் மலை தனித்திருந்தது. ஆனால் மலைமக்கள் தம்மைத் தாமே ஆண்டாரல்லர். அவர்களை ஒரு பரம்பரை ஆண்டது. தனித்திருத்தல் வேறு, தன்னாட்சி வேறு. இவ்வேறுபாட்டைத் தெளிவாக உணர்த்துவன தீவுகளே.

ஓலந்து காட்டும் வழி

ஐரோப்பாவின் வடபால் பால்டிக் கடலில் சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் இடையே உள்ளது ஓலந்துத் தீவுக்கூட்டம். மக்கள் தொகை ஏறத்தாழ 30 ஆயிரம். நம் ஊர்ப்புறத்துப் பேரூராட்சிகள் இரண்டு சேர்ந்தால் அவ்வளவு வரும். அம்மக்கள் பேசும் மொழி சுவீடிய மொழி. 1917இல் பின்லாந்து உருசியப் பேரரசினின்று விடுதலை பெற்றபோது, தாங்கள் சுவீடனுடன் சேர விரும்புவதாக ஓலந்து மக்கள் வேண்டினர். பின்லாந்து அதற்கு இசையவில்லை. 1920இல் தன்னாட்சிச் சட்டம் ஒன்றை இயற்றி வழங்கியது. தீவினர் அதனை முதலில் ஏற்கவில்லை. பூசல் முற்றி, சர்வதேச சங்கத்தின் முன் சென்றது.

1921 ஜூனில் சர்வதேச சங்கம் அளித்த தீர்ப்பு இருதரப்பினர்க்கும் முழு வெற்றியை நல்கவில்லை. இறையாண்மை பின்லாந்துக்கு உரியது. ஆனால் தீவினரின் மொழி, பண்பாடு, நிலவுரிமை ஆகியவற்றைக் காக்கும் தன்னாட்சியைப் பின்லாந்து உறுதி செய்தல் வேண்டும் என்பதே அத்தீர்ப்பு. 1922 ஜூன் 9ஆம் நாள் ஓலந்தின் மன்றம் முதன்முதலாகக் கூடிற்று. தன்னாட்சிச் சட்டம் 1951இலும் 1991இலும் புதுக்கப்பட்டது. ஒரு நூற்றாண்டு கடந்தும் அவ்வமைப்பு நிலைபெற்றிருக்கின்றது.

அதன் இயக்கத்தைச் சற்று நுணுகிக் காண்போம். மரியகாம் என்னும் தலைநகரில் 30 உறுப்பினர் கொண்ட மன்றம் உள்ளது. கல்வி, மருத்துவம், உள்ளூர் நிருவாகம், காவல் முதலிய துறைகளில் சட்டம் இயற்றும் உரிமை அதற்கு உண்டு. அயலுறவு, நீதிமன்றங்கள், சுங்கம் போன்றவை பின்லாந்தின் வசம் உள்ளன. எவ்வெப்பொருள் யார் கையில் என்பது சட்டத்திலேயே வரையறுக்கப்பட்டுள்ளது. மன்றம் இயற்றிய சட்டம் தன் எல்லையை மீறினாலோ, நாட்டின் பாதுகாப்பைப் பாதித்தாலோ மட்டுமே பின்லாந்துக் குடியரசுத் தலைவர் அதனைத் தடுக்கலாம். 'எனக்குப் பிடிக்கவில்லை' என்ற காரணத்தால் தடுத்தல் இயலாது.

தீவில் நிலம் வாங்குதற்கு அத்தீவுக் குடியுரிமை வேண்டும். வெளியார் வாங்குதற்குச் சிறப்பு இசைவு பெறவேண்டும். அரசின் வருவாயில் சட்டம் குறித்த ஒரு பங்கு தீவுக்கு வருகின்றது. அதனை எவ்வாறு செலவிடுவது என்பதைத் தீவு மன்றமே முடிவு செய்கின்றது. இருதரப்பிலிருந்தும் ஒத்த எண்ணிக்கையில் உறுப்பினர்களைக் கொண்ட கூட்டுக்குழு ஒன்று இடையில் நின்று கருத்து வேற்றுமைகளை ஆய்கின்றது. பின்லாந்து நாடாளுமன்றத்தில் ஓலந்துக்கென ஓர் உறுப்பினர் இருக்கின்றார். எல்லாவற்றுக்கும் மேலாக, தன்னாட்சிச் சட்டத்தைப் பின்லாந்து தனித்து மாற்ற இயலாது. தீவு மன்றத்தின் இசைவும் வேண்டும்.

ஐந்து வினாக்கள்

ஓலந்தை ஆராய்வதால் நமக்கு ஓர் அளவுகோல் கிடைக்கின்றது. தன்னாட்சி என்று ஒன்றைக் கூறுவோமாயின் ஐந்து வினாக்களுக்கு விடை காணல் வேண்டும்.

முதலாவது, ஆள்பவரை அப்பகுதி மக்களே தேர்ந்தெடுக்கின்றனரா?

இரண்டாவது, எவ்வெத்துறைகள் அவர்கள் கையில் என்பது எழுத்தில் வரையறுக்கப்பட்டுள்ளதா?

மூன்றாவது, அத்துறைகளை நடத்துதற்குரிய பொருள் உறுதியாக வருகின்றதா?

நான்காவது, நடுவண் அரசோடு பிணக்கு நேர்ந்தால் தீர்ப்பதற்கு நடுநிலையான வழி உண்டா?

ஐந்தாவது, நாட்டின் பொது அவையில் அவர்கள் குரல் ஒலிக்கின்றதா?

தென்மார்க்கின் ஆளுகையிலுள்ள பரோயே தீவுகள் 1948இலும், கிரீன்லாந்து 1979இலும் உள்ளாட்சி உரிமை பெற்றன. கிரீன்லாந்தின் உரிமைகள் 2009இல் மேலும் விரிந்தன. ஒவ்வொன்றும் தென்மார்க்கின் நாடாளுமன்றத்திற்கு இருவரை அனுப்புகின்றன. ஆப்பிரிக்கக் கரையோரமுள்ள சான்சிபார் 1964இல் தாங்கனிக்காவோடு இணைந்து தான்சானியா உருவானது. சான்சிபாருக்குத் தனிக் குடியரசுத் தலைவரும் தனிச் சட்டமன்றமும் உண்டு. இரண்டிற்கும் பொதுவான துறைகள் எவை என்ற பட்டியல் அரசமைப்பில் உள்ளது. அப்பட்டியல் காலப்போக்கில் நீண்டுகொண்டே வந்தமையால் சான்சிபாரில் மனக்குறை நிலவுகின்றது. இரண்டாம் வினாவிற்கு எழுதிய விடையும் காலத்தால் தேயக்கூடும் என்பதற்கு இதுவே சான்று.

பப்புவா நியூகினி நாட்டின் பூகன்வில் தீவு கசப்பானதொரு பாடம். அங்குள்ள பெரிய செம்புச் சுரங்கத்தின் வருவாய் வெளியே சென்றது. அழிவு மட்டும் தீவில் தங்கியது. 1988இல் தொடங்கிய போர் பத்தாண்டுகள் நீடித்துப் பல்லாயிரம் உயிர்களைக் குடித்தது. 2001இல் உடன்படிக்கையும், 2005இல் தன்னாட்சி அரசும் வந்தன. 2019இல் நடந்த பொது வாக்கெடுப்பில் 97 விழுக்காட்டினர்க்கு மேற்பட்டோர் தனிநாடே வேண்டுமென்றனர். உரிய காலத்தில் வழங்காத உரிமை, பின்னர் வழங்கப்படும்போது மனங்களை ஒட்டவைக்கும் ஆற்றலை இழந்துவிடுகின்றது என்பது இதனால் பெறப்படும்.

நம் நாட்டுத் தீவு

நம் நாட்டிலேயே இலட்சத்தீவு உள்ளது. அம்மக்களிற் பெரும்பாலோர் இசுலாமியர். அட்டவணைப் பழங்குடியினராக ஏற்கப்பட்டவர்கள். மலையாளமும், மினிக்காயில் மகல் மொழியும் பேசுகின்றனர். 1956க்கு முன் இத்தீவுகள் சென்னை மாநிலத்தின் மலபார், தென்கன்னட மாவட்டங்களைச் சேர்ந்திருந்தன என்பது பலரும் மறந்த செய்தி. ஒரே காலத்தில், ஒரே மாநிலத்தின் கீழ், மேற்கே கடல் நடுவில் ஒரு தனிநிலமும் கிழக்கே காட்டின் நடுவில் மற்றொரு தனிநிலமும் இருந்தன. முன்னது இலட்சத்தீவு, பின்னது நம் கல்வராயன் மலை.

1956 நவம்பர் முதல் நாள் இலட்சத்தீவு நடுவண் அரசின் ஒன்றியப் பகுதியாயிற்று. வெளியார் நுழைவதற்கு இசைவுச்சீட்டு வேண்டும். தீவினரின் நிலத்திற்கும் பாதுகாப்பு உண்டு. மக்களவையில் ஓர் உறுப்பினர் இருக்கின்றார். 64 ஆயிரம் மக்களுக்கு ஒருவர் என்பது 2011 கணக்கின்படி நாட்டிலேயே மிகச் சிறிய தொகுதியாகும். நம் ஐந்தாம் வினாவிற்கு இது நிறைவான விடை. ஆனால் அங்குச் சட்டமன்றம் இல்லை. அரசமைப்பின் 239, 240ஆம் பிரிவுகளின்படி குடியரசுத் தலைவர் அமர்த்தும் நிருவாகியே ஆள்கின்றார். ஒழுங்குமுறைகள் தில்லியில் உருவாகின்றன. 1994ஆம் ஆண்டு ஒழுங்குமுறை வழியே தீவு ஊராட்சிகளும் மாவட்ட ஊராட்சியும் அமைந்தன. எனினும் 2021இல் நிலம், ஊராட்சி முதலியன பற்றிய வரைவு ஒழுங்குமுறைகள் வெளிவந்தபோது, தங்களைக் கலந்து பேசாமல் எழுதப்பட்டவை எனத் தீவு மக்கள் வீடுகளிலேயே உண்ணாநோன்பிருந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். பாதுகாப்பு உண்டு, பங்கேற்புக் குறைவு என்பதே இலட்சத்தீவின் நிலை.

அரசமைப்பும் மலையும்

இனி நம் மலைக்கு வருவோம். தனித்து வாழும் பழங்குடிப் பகுதிகளுக்கென நம் அரசமைப்பு இரு வழிகளை வகுத்துள்ளது.

ஆறாவது அட்டவணை அசாம், மேகாலயா, திரிபுரா, மிசோரம் ஆகிய நான்கு மாநிலங்களுக்குரியது. கோபிநாத் பர்தோலோய் தலைமையில் அமைந்த துணைக்குழுவின் பரிந்துரையில் அது பிறந்தது. அங்குத் தன்னாட்சி மாவட்ட மன்றங்கள் உள்ளன. நிலம், காடு, ஊர் நிருவாகம், மரபுரிமை, திருமணம் பற்றிச் சட்டமியற்றவும், ஊர் நீதிமன்றம் அமைக்கவும், சில வரிகளைத் தண்டவும் அவற்றுக்கு உரிமை உண்டு. நம் ஐந்து வினாக்களிற் பெரும்பாலானவற்றுக்கு அது விடை கூறுகின்றது.

ஐந்தாவது அட்டவணை பத்து மாநிலங்களில் அட்டவணைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களுக்குரியது. பழங்குடியினர் நிலம் பிறர் கைக்கு மாறாவண்ணம் காக்கும் பொறுப்பு ஆளுநரிடம் உள்ளது. 1996ஆம் ஆண்டுச் சட்டம் அப்பகுதிகளில் ஊராட்சி அமைப்பை விரிவுபடுத்தி, கிராம சபைக்குத் தனி அதிகாரங்களை வழங்கிற்று.

அப்பத்து மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. கல்வராயன் மலையோ, கொல்லிமலையோ, சேர்வராயன் மலையோ, சவ்வாது மலையோ அட்டவணைப் பகுதியாக அறிவிக்கப்படவில்லை. ஆகவே 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயன் இம்மலைகளை எட்டவில்லை. ஜாகீர் போயிற்று, அதன் இடத்தில் வந்தது சமவெளிக்கென வகுத்த அதே நிருவாகம். வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு ஊராட்சி ஒன்றியமும் வட்டமும் அமைந்தமை நற்பேறே. எனினும் மலை இரு மாவட்டங்களாகப் பிரிந்து கிடக்கின்றது. ஒரே குடியினர், ஒரே காடு, ஒரே வழக்கம். ஆனால் ஒரு மனுவைக் கள்ளக்குறிச்சிக்கும் மற்றொன்றைச் சேலத்திற்கும் சுமக்க வேண்டியுள்ளது. சேலம் பக்கத்து மலை ஏற்காடு தனித்தொகுதியைச் சேர்ந்தது. அது பழங்குடியினர்க்கு ஒதுக்கப்பட்டது. கள்ளக்குறிச்சிப் பக்கத்து மலைக்கு அத்தகைய ஒதுக்கீடு இல்லை.

இவையெல்லாம் மாற்ற இயலாதன அல்ல. அட்டவணைப் பகுதியாக அறிவிக்கும் அதிகாரம் குடியரசுத் தலைவருக்கு உண்டு. மாநில அரசே தனிச்சட்டத்தால் மலை மன்றம் அமைத்ததற்கும் முன்மாதிரி உண்டு. மேற்கு வங்கம் 1988இல் டார்ஜிலிங் மலைக்கு அவ்வாறு ஒரு மன்றத்தை நிறுவிற்று. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தமிழ்நாட்டிற்கும் பொருந்தும். காட்டின்மீதுள்ள உரிமையை முதலில் ஆராயும் பொறுப்பை அது கிராம சபைக்கே அளித்துள்ளது. சட்டம் தந்த அவ்வதிகாரத்தை மலையூர்க் கிராம சபைகள் முழுமையாகக் கையாண்டாலே பாதித் தொலைவு கடந்ததாகும்.

ஊர்ப்பெயர் கூறும் செய்தி

தமிழ் பயில்வோர்க்கென ஒன்று கூற விரும்புகின்றேன். சேலம் மாவட்டத்துக் கல்வராயன் மலை ஊராட்சிகளின் பெயர்களைப் பாருங்கள்: சின்னகல்வராயன் வடக்கு நாடு, தெற்கு நாடு, பெரியகல்வராயன் மேல்நாடு, கீழ்நாடு. இன்று 'நாடு' என்றால் இந்தியா, இலங்கை எனப் பேரரசுகளை நினைக்கின்றோம். சோழர் கல்வெட்டுகளில் நாடு என்பது ஊர்கள் பல சேர்ந்த சிறு நிலப்பிரிவு. நாட்டார் கூடி வரியும் நீரும் வழக்கும் பற்றி முடிவு செய்தனர். பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையால் வாரியங்களைத் தேர்ந்தெடுத்த வரலாற்றைக் கூறுவதை நீங்கள் அறிவீர்கள். பேரரசன் தஞ்சையில் இருந்தான். நாட்டார் தத்தம் நாட்டில் இருந்தனர். ஒன்று மற்றொன்றை அழிக்கவில்லை.

சமவெளியில் அச்சொல் தன் பழம்பொருளை இழந்தது. மலையில் ஊராட்சிப் பெயராக இன்றும் வாழ்கின்றது. பெயர் இருக்கின்றது, பெயருக்குரிய அதிகாரம் இல்லை. அந்தப் பெயரை நிறைவு செய்வதே மலைத் தன்னாட்சி என நான் கருதுகின்றேன்.

ஓர் ஐயமும் விடையும்

'தன்னாட்சி என்று தொடங்கினால் பிரிவினையில் முடியாதா?' எனப் பெரியோர் சிலர் வினவுதல் கூடும். நியாயமான ஐயமே. ஓலந்து நூறாண்டுகளாகப் பின்லாந்தில் இருக்கின்றது. முதலில் பிரிய விரும்பிய மக்கள் அவர்கள் என்பதை நினைவிற் கொள்க. தம் மொழியும் நிலமும் காக்கப்படுகின்றன என்ற நம்பிக்கை அவர்களை அந்நாட்டோடு பிணைத்தது. பூகன்வில் அந்நம்பிக்கையைப் பெறவில்லை. கல்வராயன் மலை மக்களோ பிரிவு கேட்டவர்கள் அல்லர். வழியும் மருந்தும் பள்ளியும் வாக்கும் கேட்டவர்கள். நாட்டோடு சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதே அவர்தம் வேண்டுகோள்.

மற்றோர் எச்சரிக்கையும் வேண்டும். மலைக்கு அதிகாரம் என்ற பெயரில் பழைய ஜாகீர் புதிய வடிவில் வந்துவிடுதல் கூடாது. சில குடும்பங்களின் கையில் அதிகாரம் குவியுமானால், முதல் வினாவிலேயே நாம் தோற்றவர்களாவோம். மலையூர்ப் பெண்களும் இளைஞரும் அமர்ந்து பேசும் மன்றமே தன்னாட்சி மன்றம்.

முடிவுரை

நாட்டின் வரைபடத்தில் சேர்க்கப்பட்டதனால் மட்டும் ஒரு நிலம் நாட்டோடு இணைந்துவிடுவதில்லை. தனியே விடப்பட்டதனால் மட்டும் அது தன்னை ஆள்வதுமில்லை. தீவுகள் இவ்விரண்டையும் நமக்குக் கற்பிக்கின்றன. கல்வராயன் மலை 1976 வரை தனித்திருந்தது, அதன்பின் இணைக்கப்பட்டது. அது தன்னை ஆளும் காலம் இன்னும் வரவில்லை.

வகுப்பில் வினவிய மாணவருக்கு அன்று நான் முழுவிடை கூறவில்லை. இன்று கூறுகின்றேன். தம்பி, உங்கள் மலையும் ஒரு தீவுதான். தீவாக இருப்பதில் இழுக்கு ஒன்றுமில்லை. அங்கிருந்து இறங்கி வந்து நீ கற்கும் கல்வியை மீண்டும் மேலே கொண்டு செல்க. உங்கள் ஊர்க் கிராம சபை கூடும் நாளில் பின்வரிசையில் நில்லாது முன்வந்து, வன உரிமைச் சட்டம் என்ன சொல்கின்றது என்பதை உன் ஊரார்க்குப் படித்துக் காட்டுக. கீழே இருக்கும் நாங்களும் ஒரு கடமையை ஏற்கின்றோம்: இனி எங்கள் சந்தைக்கு வரும் உங்கள் முதியவர் எவரும், 'உங்க சர்க்காரு வேற' என்று சொல்லாத காலம் வரும்வரை, உங்களோடு சேர்ந்து நாங்களும் கேட்போம்.